பிக்னிக் பெட்டியில் கிடைத்த பாலிசி எண்

விடியற்காலை ஐந்து மணிக்கே நிக்கல் தொட்டிகள் ஆவி விடத் தொடங்கியிருந்தன. லொரெட்டா புரூயிட் கார் கதவுக் கைப்பிடிகளை ஒவ்வொன்றாகக் கம்பிச் சட்டத்தில் மாட்டினாள். ஒரு சட்டத்துக்கு நாற்பது. ரப்பர் கையுறைக்குள் விரல்கள் ஊறி வெளுத்திருந்தன. தொண்டையில் அமிலக் காரல். சட்டத்தைத் தூக்கித் தொட்டியில் இறக்கி, அது முலாம் பூசிக்கொண்டு வருவதற்குள் அடுத்ததை நிரப்ப வேண்டும். இருபத்தொன்பது வருடமாக இதே வேலை. இந்தியானாவில் பாதிப் பேர் நான் தொட்ட கைப்பிடியைத்தான் பிடித்துக் கார் ஏறுகிறார்கள் என்று சொல்லிச் சிரிப்பாள். அன்று சிரிக்கவில்லை. அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் தொங்கியது.

ஆலை மண்ணையும் நிலத்தடி நீரையும் சுத்தம் செய்ய மாநில அரசு உத்தரவிட்டிருக்கிறதாம். அந்தச் செலவுக்காகக் கூலியில் நான்கில் ஒரு பங்கு குறைப்பு. மாதக் கடைசிக்குள் எல்லோரும் சம்மதித்துக் கையெழுத்துப் போடாவிட்டால் ஆலை மூடப்படும்.

ஏழு மணி இடைவேளையில் முதலாளி வாரன் ஸ்ட்ரூபெல் வந்து நின்றார்.

"எனக்கும் மனசு வலிக்கத்தான் செய்யுது," என்றார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

சங்கத் தலைவர் சூய் பரேரா காப்பியைக் கீழே வைத்தார். "மண்ணக் கெடுத்தது கம்பெனி. கூலி குறையறது எங்களுக்கா?"

"கம்பெனியா? வெள்ளிக்கிழமைதோறும் வாளியத் தூக்கிட்டுப் போய்க் கொல்லையில கொட்டினது யாரு? நானா? ஏன் லொரெட்டா, நீ கொட்டல?"

கொட்டினாள். உலோகத்தின் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் திரவம், வார முடிவில் அழுக்கேறிவிடும். அதைக் கொல்லைச் சரளையில் தெளித்தால் புழுதி அடங்கும், களை முளைக்காது. அந்த வட்டாரத்து முலாம் பட்டறைகளில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். கொல்லையைச் சுத்தமாக வைத்திருக்கிறோம் என்ற பெருமை வேறு. திரவமோ சரளைக்கடியில் இறங்கி, மில் தெருக் கிணறுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் பக்கத்து வீட்டு ஓபலின் மகளுக்கு ஈரல் கெட்டது அதனால்தானா என்று மருத்துவர்கள் உறுதியாகச் சொல்லவில்லை. ஓபல் உறுதியாகச் சொன்னாள்.

"கொட்டினேன்," என்றாள் லொரெட்டா. "உங்கப்பா கொட்டச் சொன்னாரு. அந்தக் காலத்துல கம்பெனிக்கு இன்ஷூரன்ஸ் இல்லயா?"

"இருந்துச்சு. பழைய பாலிசிதான் இந்த மாதிரி சேதத்துக்குப் பணம் தரும், இப்ப உள்ளது தராது. ஆனா பழைய காகிதமெல்லாம் எண்பத்திரெண்டு வெள்ளத்துல போயிடுச்சு. காகிதத்தக் காட்டு, அப்புறம் பேசலாங்கிறான் இன்ஷூரன்ஸ்காரன். ஆத்துல போய்த் தேடு."

அவள் ஆற்றுக்குப் போகவில்லை. சனிக்கிழமை சூயை இழுத்துக்கொண்டு சங்கக் கட்டடத்தின் நிலவறைக்குப் போனாள். தொழிலாளர் தினத்தன்று நகரப் பூங்காவில் வருடாவருடம் கம்பெனி செலவில் பிக்னிக் நடத்தியது சங்கம். கமிட்டியில் அவள்தான் நிரந்தரச் செயலாளர். யாராவது பந்து பட்டு விழுந்தால் நஷ்டஈடு தர கம்பெனிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்ற சான்றிதழைக் காட்டாமல் பூங்காக்காரன் வாசலைத் திறக்கமாட்டான். லொரெட்டா எந்தக் காகிதத்தையும் எறிகிறவள் அல்ல.

மூன்றாவது பெட்டியில், உருளைக்கிழங்கு சாலட் ரசீதுகளுக்கும் குதிரைலாட எறிபந்தயப் பட்டியல்களுக்கும் நடுவே, அறுபத்தாறிலிருந்து எழுபத்தொன்றுவரை ஆறு சான்றிதழ்கள் இருந்தன. இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பெயர், வெள்ளத்தில் போன அதே பாலிசியின் எண், தேதி எல்லாம் அச்சில்.

சூய் இரண்டு தடவை படித்தார். "சாலட்டுக்கு அடியில புதையல வச்சிருக்கியே."

திங்கட்கிழமை ஸ்ட்ரூபெல் கையை நீட்டினார். "கொடு இப்படி. அது கம்பெனிச் சொத்து."

"பிக்னிக் கமிட்டிச் சொத்து," என்றாள் லொரெட்டா. "அந்தப் பிக்னிக்கையும் நிறுத்தினது நீங்கதான். உங்களுக்கு ஒரு நகல். மாநில அலுவலகத்துக்கு ஒண்ணு. மில் தெரு ஆளுங்களுக்கு ஒண்ணு. அசல் எங்ககிட்ட இருக்கும்."

இன்ஷூரன்ஸ்காரர்களின் பதில் பத்து நாளில் வந்தது. பாலிசி இருந்தது உண்மைதான்; ஆனால் தெரிந்தே கொட்டிய விஷத்துக்குப் பணம் கிடையாது. ஆதாரமாக அவர்கள் காட்டியது ஸ்ட்ரூபெல் மாநில அரசுக்கு எழுதிய கடிதத்தை. ஆபத்து என்று தெரிந்தும், சொன்னதைக் கேட்காமல் தொழிலாளர்கள் கொட்டினார்கள் என்று அவரே கையெழுத்துப் போட்டிருந்தார். தொழிலாளர்கள் தலையில் போட எடுத்த கல் அவர் காலிலேயே விழுந்தது. லொரெட்டாவுக்கு உள்ளம் குளிர்ந்தது என்றே சொல்ல வேண்டும்.

அன்று மதியம் அவர் தொட்டியருகே தனியாக வந்தார். குரல் இறங்கியிருந்தது.

"விஷம்னு யாருக்கும் தெரியாமத்தான் கொட்டினோம்னு நீ ஒருத்தி சாட்சி சொன்னாப் போதும். எங்கப்பா பேரு வேண்டாம். உன் கூலியில மட்டும் கை வைக்கமாட்டேன்."

"எல்லாரும் சொல்லுவோம். நடந்தத நடந்தபடி, உங்கப்பா பேரச் சேத்துத்தான் சொல்லுவோம். அதுக்கு விலையெல்லாம் வேண்டாம்."

"அப்போ கூலிக் குறைப்பு?"

"அதுல ஒருத்தரும் கையெழுத்துப் போடமாட்டோம். கதவ மூடினா வாசல்ல உக்காருவோம்."

"கோர்ட்டுல இன்ஷூரன்ஸ்காரங்க வக்கீல் உன்ன உரிச்சுத் தொங்கவிடுவான். ஊரே கேக்கும்."

ஊர் கேட்கட்டும். ஓபல் கேட்பாளே என்பதுதான் லொரெட்டாவை அரித்தது. இருபது வருட அண்டைவீட்டு உறவு அந்த ஒரு வாக்குமூலத்தோடு போய்விடும்.

ஞாயிறு மாலை வாக்குமூலம் எழுத முப்பத்தொரு பேர் சங்கத்தில் கூடினார்கள். ஓபலும் வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"நீயாடி கொட்டின?"

"நான்தான். நல்லதுன்னு நெனச்சுக் கொட்டினேன்."

"ரெண்டு வருஷமா என் வாசல்ல தண்ணி பாட்டில கொண்டுவந்து வச்சியே. அப்ப வாயத் திறந்தியா?"

"வாய் வரல ஓபல். பயம்."

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். "நானும் கொட்டியிருக்கேன்." இன்னொருத்தி எழுந்தாள். சூய் எழுந்தார். நாற்காலிகள் கீச்சிட, ஒருவர் பாக்கியில்லாமல் எழுந்து நின்றார்கள். ஓபல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அழுதாள், ஆனால் கோபம் தணியவில்லை.

"மன்னிச்சிட்டேன்னு ஒருத்தரும் நெனைக்காதீங்க," என்றாள். "ஆனா அந்த இன்ஷூரன்ஸ் பணம் வந்தாத்தான் எங்க கிணறு சுத்தமாகும். அவங்க வக்கீல் உங்கள மிரட்டுற அன்னிக்கு மில் தெரு மொத்தமும் முன்வரிசையில உக்காந்திருக்கும். ஒருத்தர் பின்வாங்கினாலும் நான் எந்திரிச்சுக் கேப்பேன்."

"கேளு," என்றாள் லொரெட்டா. சூய் பக்கம் திரும்பினாள். "எழுதுங்க. முதல்ல என் பேரு."

ஓபல் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டி உட்கார்ந்தாள். முப்பத்தொன்றாவது ஆள் எழுதி முடிக்கும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.