ஒரு வளவின் பிறஷர்

பர்ஸானா கொழும்பில் பெரிய ஆள். புதிதாக முளைக்கும் கணினிக் கம்பனிகளைத் தேடிப்பிடித்துக் காசு போடுவது அவள் தொழில். அவற்றில் ஒரு கம்பனி, கர்ப்பிணிகளும் பிறஷர்காரரும் வீட்டிலேயே கையில் பட்டியைக் கட்டி இரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு செயலி செய்திருந்தது. பட்டி அளக்கும், போன் சொல்லும். ஆஸ்பத்திரி வாசலில் காத்துக் கிடக்கிற சனத்துக்கு இணையம் செய்யக்கூடிய பெரிய உபகாரம் இதுதான் என்று மேடைக்கு மேடை பேசினாள். அவள் பேச்சில் பொய் இல்லை. கொஞ்சம் அவசரம் இருந்தது, அவ்வளவுதான்.

வில்லங்கம் அவளுடைய சொந்த ஊரான ஓட்டமாவடியில் முளைத்தது. அங்கே ஒரே ஆளின் பிறஷர் காலையில் ஏறி, கொஞ்ச நேரத்தில் இறங்கி, மறுபடி ஏறியது. யாரோ விளையாடுகிறார்கள், அந்த ஊர்க் கணக்குகளை மூடிவிடலாம் என்றார்கள் கம்பனிப் பொடியன்கள். முதலில் நேரில் பார்க்கிறேன் என்று பர்ஸானா வண்டி ஏறினாள். எல்லாவற்றையும் விடக் குதித்துக்கொண்டிருந்த கணக்கு தன் அக்கா, ஸாதியா ராத்தாவுடையது என்பதை மட்டும் அவள் வெளியே விடவில்லை.

அந்தப் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு. கலியாணம் முடிந்தாலும் அவள் தாயின் வீட்டு வளவை விட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் வருவார். அக்கா குசினிக்கும் தங்கச்சி குசினிக்கும் நடுவில் ஒரு கிணறு இருந்தால் அதிகம். பர்ஸானா போனபோது கிணற்றடியில் பாய் விரித்து, ராத்தா பட்டியும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். சின்னம்மா முறையான சாச்சி கையை நீட்டினார். பிறகு சாச்சியின் மகள். பிறகு பேறுகால மாதம் நெருங்கியிருந்த தங்கை ஸில்மியா. போன் ஒன்று, கணக்கு ஒன்று, கை மட்டும் மாறிக்கொண்டிருந்தது.

பர்ஸானாவுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. இதே வளவில் வளர்ந்தவள், ஒரு போனுக்கு ஒரு ஆள் என்று எந்தப் புத்தியில் நம்பினாள்? உப்பைக் குறை என்று போன் சொன்னால் யார் குறைப்பது என்று கேட்டாள்.

“ஆருக்கெண்டு அது சொல்றதில்லையே புள்ள. அதால வளவு முழுக்கக் கொறச்சிட்டம்” என்றாள் ராத்தா.

கதை அந்தச் சிரிப்போடு முடிந்திருக்கலாம். ஆனால் பர்ஸானா போனை வாங்கிக் கடைசி அளவைப் பார்த்தாள். ஸில்மியாவுக்குப் பிறஷர் பயங்கரமாக ஏறியிருந்தது. செயலியோ அதை மற்றவர்களின் அளவுகளோடு சேர்த்துச் சராசரி போட்டு, ‘இன்று நலம்’ என்று பச்சை காட்டிக்கொண்டிருந்தது. ஒரு தடவை கூடினால் சனம் பயந்துவிடும், சராசரியைக் காட்டுங்கள் என்று சொன்னவள் பர்ஸானாதான்.

தலை இடிக்கிறதா என்று தங்கையைக் கேட்டாள். முந்தாநாள் தொட்டு இடிக்கிறது, போன்தான் பச்சை காட்டுகிறதே என்று பேசாமல் இருந்துவிட்டாளாம்.

ஓட்டோவில் போகும் வழி முழுக்கப் பர்ஸானா தங்கையின் கையை விடாமல் அல்லாஹ்விடம் துஆ கேட்டாள். ஆஸ்பத்திரியில் அன்றைக்கே வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தார்கள். தாயும் மகளும் தப்பினார்கள். நேரத்தோடு கொண்டுவந்தீர்கள் என்று டொக்டர் சொன்னதும் பர்ஸானா நின்ற இடத்திலேயே அழுதுவிட்டாள்.

கண்ணைத் துடைத்த கையோடு கம்பனிக்குப் போன் எடுத்தாள். ஒரு கணக்கையும் மூடக் கூடாது, பட்டி கட்டுமுன் இப்போது உட்கார்ந்திருப்பது யார் என்று போன் கேட்க வேண்டும், ஒரு போனுக்குள் ஒரு வளவே குடியிருக்க இடம் வேண்டும், சராசரியைத் தூக்கி எறிய வேண்டும். பொடியன்கள் முணுமுணுத்தார்கள். காசு போட்டவள் சொன்னால் கேட்கத்தானே வேண்டும்.

பிள்ளைக்குப் பேர் வைக்கும் நாளில், திருத்திய செயலியோடு மறுபடி ஊருக்கு வந்தாள். ராத்தா பட்டியை அவளிடமே நீட்டினாள்.

“முதல்ல நீ இரி.”

ஊரார் பிறஷரைப் பேசித் திரிந்தவள், கொழும்பில் தனி வீட்டில் தனிப் போனோடு இருந்தவள், தன் கையை ஒருநாளும் கட்டிப் பார்த்ததில்லை. போன் சிவப்புக் காட்டியது. பர்ஸானா என்று பேர் போட்டே காட்டியது. ராத்தா எழுந்து குசினிக்குப் போனாள்.

பகல், சோறு நிறைந்த ஒரே சகன் தட்டைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்தார்கள். விருந்துச் சாப்பாடு, ஆனால் சோற்றுக்கு ஊற்றிய ஆணத்தில் பேருக்குக்கூட உப்பில்லை. சாச்சி முகம் சுளிக்காமல் பிசைந்து உண்டார். இனி ஆருக்கென்றுதான் போன் சொல்கிறதே, மற்றவர்கள் ஏன் பத்தியம் இருக்க வேண்டும் என்று பர்ஸானா கேட்டாள்.

ராத்தா அவள் பக்கமாக இன்னும் ஓர் அகப்பை ஆணம் ஊற்றினாள்.

“ஆருக்கெண்டு தெரிஞ்சா மட்டும், ஒன்னத் தனியாத் திங்க உட்டுருவமா?”