தும்மலுக்கு இளங்கோ பார்த்த வைத்தியம்

கட்டுகஸ்தோட்டை இளங்கோவுக்குத் தெரியாத வைத்தியம் கிடையாது. பகலில் கண்டி நகரில், காணிப் பத்திரம் எழுதும் ஒரு நொத்தாரிசிடம் கிளார்க் வேலை. மாலை ஆறு மணிக்கு மேல் ஃபோனைக் கையில் எடுத்தால் இருதயம், மூட்டு, சிறுநீரகம் எல்லாவற்றுக்கும் அவரே நிபுணர். ஆகவே, ஒரு ஞாயிறு காலை அவருடன் ஆற்றோரம் நடந்துவிட்டு வந்த அவருடைய நாய் ராக்கி திடீரென்று தும்மத் தொடங்கியபோது, கவலைப்பட வேண்டிய ஒரே ஜீவன் ராக்கிதான்.

ஒன்றிரண்டு தும்மல் அல்ல, வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு. தும்முகிற வேகத்தில் நாயின் மூக்கு தரையில் இடித்தது. நடுநடுவே முன்னங்காலால் மூக்கைப் பிறாண்டியது.

"பனி பட்டிருச்சு," என்றார் இளங்கோ, திரும்பிப் பார்க்காமலே.

"பனியில நீங்களும்தானே போனீங்க," என்றாள் மனைவி நிரோஷினி. "வலது பக்க மூக்கை மட்டும்தாங்க பிறாண்டுது. உள்ள என்னமோ போயிருக்கு. டொக்டர்கிட்ட காட்டிருவோம்."

நிரோஷினி கணித டீச்சர். ஒன்றைப் பார்த்துவிட்டுப் பேசுவது அவளுடைய பலவீனம். இளங்கோ அதைப் பெருந்தன்மையோடு மன்னித்தார்.

முதல் நாள் கொத்தமல்லி அவித்த தண்ணீர். ராக்கி முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டது. வீணாக்கக் கூடாதென்று இளங்கோவே குடித்தார். மறுநாள் சாம்பிராணிப் புகை. பன்னிரண்டு தும்மல் இருபதாயிற்று. "பாத்தியா, சளி இளகுது," என்று மகிழ்ந்தார். மூன்றாம் நாள் மூக்கைச் சுற்றித் தைலம் பூசினார். ராக்கி கட்டிலுக்கடியில் போய்ப் பொழுதுசாயும்வரை வெளியே வரவில்லை. அடுத்து, தான் சளிக்குப் போடும் தடிமன் மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்கத் தீர்மானித்தபோது மாத்திரை அட்டையைக் காணோம். அது நிரோஷினியின் கைப்பையில் இருந்தது.

"மனுசர் மாத்திரை அதுக்கு ஆகாது. பூனைன்னா செத்தே போயிரும்," என்றாள்.

அன்று மாலை ராக்கியின் வலது மூக்கிலிருந்து வெள்ளை டைல்ஸில் இரண்டு சொட்டு ரத்தம் விழுந்தது. இளங்கோ சட்டையை மாட்டிக்கொண்டு முச்சக்கர வண்டியைக் கூப்பிட்டார். ஆனாலும் வாய், "நானே கூட்டிட்டுப் போகலாம்னுதான் இருந்தேன்," என்றது.

மிருக வைத்தியர் ஜஹானாவிடம் அவர் பனியையும் சளியையும் பற்றிப் பத்து நிமிடம் விளக்கினார். டொக்டர் அதற்கிடையில் மயக்க ஊசியைத் தயார் செய்துகொண்டிருந்தார்.

"எந்தப் பக்க மூக்கு?"

"ரெண்டும்தான்."

"வலது," என்றாள் நிரோஷினி. "ஞாயித்துக்கிழம காலையில திடீர்னு தொடங்கிச்சு."

டொக்டர் நிரோஷினியைப் பார்த்துத் தலையாட்டினார். ராக்கி மயங்கிய பின் மெல்லிய இடுக்கியை உள்ளே விட்டு, சிறுவிரல் நீளத்தில் ஒரு புல் கதிரை உருவியெடுத்தார்.

"திடீர்னு விடாம தும்மி, ஒரு பக்கம் மட்டும் ரத்தம் வந்தா, உள்ள ஏதாவது போயிருக்கான்னு முதல்ல சந்தேகப்படணும். அது சரி, தைலம் யார் பூசினது?"

இளங்கோ சுவரில் தொங்கிய கலண்டரை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

வெட்கம் முச்சக்கர வண்டி வீடு வந்து சேரும்வரை இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, 'நாய் தும்மினால் காரணம் புல்' என்று முகநூலில் நீண்ட கட்டுரை எழுதினார். இருநூறு பேர் விருப்பம் தெரிவித்தார்கள். அதோடு ஞானம் முழுமையடைந்தது.

இரண்டு வாரம் கழித்துப் பக்கத்து வீட்டுக் கைரியா தன் பூனை மிஸ்கியைத் துணியில் சுற்றித் தூக்கி வந்தாள். அதுவும் தும்மியது. இரண்டு கண்ணிலும் நீர், இரண்டு மூக்கிலும் சளி. இரண்டு நாளாகச் சாப்பாடு இல்லை. நிரோஷினி இன்னும் பாடசாலையிலிருந்து வரவில்லை.

"புல்லுதான்," என்றார் இளங்கோ.

"இது வீட்ட வுட்டு வெளிய போறதே இல்லையே, நானா," என்றாள் கைரியா, அவரை அண்ணனாக வைத்து.

"காத்துல வந்திருக்கும்."

நிரோஷினி புருவம் திருத்தும் சின்ன இடுக்கியும் டோர்ச்சுமாக அவர் நெருங்கினார். மிஸ்கி நோயாளிதான், ஆனால் நகங்களுக்கு நோயில்லை. அரை நிமிடத்தில் அவருடைய வலது கையில் தன் அபிப்பிராயத்தை ஆழமாக எழுதி, கட்டைவிரலில் கடித்துக் கையெழுத்தும் வைத்தது.

வந்து சேர்ந்த நிரோஷினி கணவரின் கையைக் குழாயடியில் பதினைந்து நிமிடம் சவர்க்காரம் போட்டுக் கழுவி, விசர்நாய்க்கடி ஊசிக்கு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். பிறகு கைரியாவிடம், "புதுசா பூனை ஏதும் வீட்டுக்கு வந்திச்சா?" என்று கேட்டாள்.

"போன கிழமை மடவளையிலேந்து தங்கச்சி ஒரு குட்டி கொண்டாந்தா. அதுவும் தும்மிட்டுத்தான் இருந்திச்சு."

மிஸ்கியைப் பார்த்த ஜஹானா டொக்டரும் நிரோஷினி சந்தேகப்பட்டதையேதான் சொன்னார்: பூனைக்குப் பூனை தொற்றும் சளிக்காய்ச்சல். கண்ணுக்குச் சொட்டு மருந்து. வெதுவெதுப்பான தண்ணீரில் மூக்கைத் துடைக்க வேண்டும். வேறு பூனைகளோடு சேரவிடக் கூடாது. மூக்கடைத்த பூனைக்கு மணம் தெரியாததால்தான் சாப்பிடவில்லை என்று, மீனைச் சூடாக்கி வைக்கச் சொன்னார். மூன்றாம் நாள் மிஸ்கி தட்டை நக்கியது.

பத்து நாளில் கைரியா தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து வட்டிலப்பம் செய்து அனுப்பினாள். "டீச்சருக்கு" என்று மூடியில் எழுதி ஒட்டியிருந்தது. இளங்கோ அதைப் படித்தார். பிறகு கட்டுப்போட்ட கையால் மூடியைத் திறக்க முடியாமல், திறந்து தரும்படி நிரோஷினியைக் கூப்பிட்டார்.