அத்தையின் வானிலை அறிக்கை

நிவேந்திரனுக்கு அன்று விமானி உரிமத் தேர்வு. தள்ளிப்போனால் அடுத்த தேதிக்கு ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். மலாக்கா விமான நிலையத்தின் வானிலை அறிக்கை சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அது ஓடுதளத்தைச் சுற்றியுள்ள வானத்தை மட்டுமே சொல்லும். அவன் பறக்க வேண்டிய அலோர் காஜா பக்கம் ரேடார் படத்தில் மழையைக் காட்டும் ஒரு மஞ்சள் திட்டு. படமும் பழசு.

"போறதா வேணாமான்னு நீதான் சொல்லணும்" என்று தேர்வாளர் காந்தன் கைகட்டி நின்றார்.

நிவேந்திரன் அலோர் காஜாவில் இருக்கும் விஜயராணி அத்தையைப் போனில் கூப்பிட்டான்.

"நல்ல வெயில் லா. தைரியமா கெளம்புய்யா."

"அப்ப துணியெல்லாம் வெளியதானே காயுது?"

"அது... உள்ளதான் கெடக்கு."

"தகரக் கூரையில என்ன அத்தை சத்தம்?"

"நல்ல காரியத்துக்குக் கெளம்புறவன்கிட்ட மழைன்னு எப்படிடா வாயத் தொறந்து சொல்றது?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னைக்குப் போகல சார்" என்றான் காந்தனிடம்.

அது அத்தையின் காதிலும் விழுந்தது. "போகலையா? அப்பாடா! இங்க இடி பொளக்குதுடா. லோங்காங்ல சாக்கடைத் தண்ணி ரொம்பி வாசல் வரைக்கும் வந்துடுச்சு. எதிர்வீட்டு வாழை சாஞ்சே போச்சு..."

தரையில் நின்றபடி நிவேந்திரன் முழு அறிக்கையையும் கேட்டு முடித்தான்.