கதவை விட்டுவிட்டு வரைந்த அறை

லிஃப்ட் ஓட்டுகிறவனுக்கு ஓய்வு கொடுத்தால் அவன் எங்கே போவான்? மேலேயும் போக முடியாது, கீழேயும் போக முடியாது. வீட்டில்தான் நிற்பான். நானும் நின்றேன். சமையலறை வாசலில் நின்றேன், குளியலறை வாசலில் நின்றேன். யாராவது வந்தால் ஒதுங்கி வழிவிட்டு, "எந்த மாடி?" என்று கேட்டேன். என் மனைவி முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுபோய், "ஏதாவது ஒரு வகுப்புல போய்ச் சேருங்க. என் உயிரை வாங்காதீங்க" என்றாள்.

எங்கள் தெருவில் இருந்த ஒரே வகுப்பு பென்சில் ஓவிய வகுப்பு. நடத்துகிறவர் பகலெல்லாம் பல்செட் செய்கிறவர். சாயங்காலம் அதே கடையின் முன்னறையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுச் சொல்லிக்கொடுப்பார். பூ, பழம், குடம் எல்லாம் அங்கே கிடையாது. மேசைமேல் பிளாஸ்டரில் வார்த்த தாடைகள்தான் இருக்கும். அவற்றைப் பார்த்துத்தான் வரைய வேண்டும்.

நிழல் போடுவதில் நான் கெட்டிக்காரன் என்று பல்செட்டுக்காரரே சொல்லியிருக்கிறார். நான் வரைந்த கீழ்த்தாடை அவ்வளவு தத்ரூபம். காலையில் எழுந்து பார்த்தால் பக்கத்தில் வைத்திருந்த ரப்பரில் பல் பதிந்திருந்தது. எலி என்றாள் மனைவி. எலிக்கு முன்பல் கோணலாக இருக்குமா? நான் வரைந்த தாடையில் கோணல் இருந்தது. அதற்குமேல் நான் வாதாடவில்லை.

கோடுதான் எனக்கு வராது. ஒரே இழுப்பில் இழுக்கத் தைரியம் இல்லாமல், பக்கத்தில் பக்கத்தில் கீறிக்கொண்டே போவேன்.

"ஐயா, இது சுவரா, சீப்பா?" என்பார் பல்செட்டுக்காரர்.

அதிலும் திருத்தும்போது பழைய கோட்டுக்கு உள்பக்கமாகத்தான் புதுக்கோடு போடுவேன். ஆயுசு முழுக்கப் பெட்டிக்குள் நின்ற உடம்பு. அகலமாக எதையும் யோசிக்க வராது.

அவர் ஓயாமல் சொல்வது ஒன்றுதான். "தெரிஞ்சதை வரையாதீங்க. பார்க்கிறதை வரைங்க."

ஒரு வாரம் வீட்டுப்பாடமாக, அவரவர் அறையை வரைந்து வரச் சொன்னார். என் அறை என்பது பழைய பெட்டிகள் போட்டிருந்த உள்ளறை. ஜன்னல் கிடையாது. ஓர் இரும்பு அலமாரி, ஒரு ஸ்டூல், இஸ்திரி போடும் மேசை, ஒரு பல்பு. கதவுக்கு மேலே கூடத்தைப் பார்த்து ஒரு சின்ன வென்டிலேட்டர். கை நுழையும், தலை நுழையாது.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் உட்கார்ந்தேன். அலமாரி வந்துவிட்டது. பல்பு அருமையாக வந்தது. வென்டிலேட்டரும் வந்துவிட்டது. கதவு மட்டும் மசியவில்லை. வரைந்தால் சாய்ந்தது, அழித்தால் தாள் பஞ்சு மாதிரி எழுந்து நின்றது, மறுபடி வரைந்தால் பஞ்சின்மேல் வழுக்கியது. எனக்குச் சினம் தலைக்கேறியது. சிக்ஸ் பி பென்சிலை எடுத்தேன். இருப்பதிலேயே மெத்தென்ற, கறுப்பான பென்சில் அது. கதவு இருந்த இடம், சுவர் இருந்த இடம் என்று பார்க்காமல் ஒரே சீராக நிழலை இழுத்துவிட்டேன். பெருமைக்குச் சொல்லவில்லை, அந்த மாதிரி ஒரு நிழல் என் கையில் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

தண்ணீர் குடிக்கலாம் என்று எழுந்து திரும்பினேன். கதவு இல்லை. வெறும் சுவர், சாம்பல் நிறத்தில் பளபளவென்று நின்றது. தடவிப் பார்த்தேன். கையில் கரி ஒட்டியது.

"ஏம்மா!" என்று கூப்பிட்டேன்.

"என்ன?" என்று வென்டிலேட்டர் வழியாகக் குரல் வந்தது.

"கதவைக் காணோம்."

"கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாருங்க."

"போட்டுக்கிட்டுத்தான் சொல்றேன். நீ வந்து பாரு."

செருப்புச் சத்தம் வந்து நின்றது. சுவரைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக, "என்னங்க பண்ணித் தொலைச்சீங்க?" என்றாள்.

அவள் பக்கமும் சுவர்தானாம். அண்ணனைக் கூப்பிட ஓடினாள். என் மச்சான் கீழ்வீட்டில் இருக்கிறார். குழாய் ரிப்பேர் செய்கிறவர். உலகத்தில் சுத்தியலுக்குப் படியாதது எதுவும் இல்லை என்று நம்புகிறவர். வந்த வேகத்தில் அடிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு அடிக்கும் சுவர் இன்னும் பளபளத்ததே தவிரப் பெயரவில்லை.

"மாப்ளே, இது என்ன சுவரு? பென்சில் தூளாக் கொட்டுது! என் மூஞ்சியைப் பார்த்தா அடுப்புக்குள்ள விழுந்த பூனை மாதிரி இருக்கு!"

"அண்ணே, தரையெல்லாம் கரி. யாரு துடைக்கிறது?" என்றாள் என் மனைவி.

"உன் புருசன் சமாதி ஆகிட்டு இருக்காரு, நீ தரையைப் பத்திப் பேசு."

சமாதி என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. நாமே சரிசெய்வோம் என்று ரப்பரை எடுத்துப் படத்தைத் தேய்த்தேன். கரி போகவில்லை, அப்பிக்கொண்டது. சுவரும் மூலையும் சேருமிடம் கலங்கிப்போனதால், பக்கத்தில் ஒரு கோடு போட்டுத் திருத்தினேன். உள்பக்கமாகத்தான். முதுகில் ஏதோ இடித்தது. அலமாரி. அது அந்தப் பக்கம் இருந்ததல்லவா, எப்போது இங்கே வந்தது? எதிர்ச்சுவரின் கோட்டையும் திருத்தினேன். மேசை நகர்ந்து முழங்காலில் முட்டியது.

அப்போதுதான் புரிந்தது. நான் கோடு போடப் போட அறை சுருங்குகிறது. இரண்டு கையையும் விரித்தேன். முழங்கை மடங்கியபடியே இரண்டு சுவரும் தொட்டன. லிஃப்டிலாவது இதைவிட இடம் இருந்தது. மூச்சு கனத்தது. பல்பின் சூடு உச்சந்தலையில் இறங்கியது. இன்னும் கொஞ்சம் தப்பாகக் கீறினால் என்னையும் அலமாரியையும் பிரித்துச் சொல்ல முடியாது.

"பல்செட்டுக்காரருக்குப் போன் போடு!" என்று கத்தினேன்.

பல்செட்டுக்காரர் கையில் காய்ந்த பிளாஸ்டரோடு வந்தார். மச்சான் ஸ்டூல் போட்டு அவரை ஏற்றிவிட்டார் போலிருக்கிறது. வென்டிலேட்டரில் அவருடைய மூக்கும் ஒரு கண்ணும் தெரிந்தன.

"படத்தைத் தூக்கிக் காட்டுங்க ஐயா."

காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நிழல் பிரமாதம்" என்றார்.

"சார், நான் வெளியே வரணும்."

"வரலாம், வரலாம். ரப்பரைக் கீழே வைங்க முதல்ல. தேய்க்கத் தேய்க்கக் கரி உள்ளே இறங்கும். தாளும் கிழிஞ்சிரும். தாள் கிழிஞ்சா என்ன ஆகும்னு எனக்கே தெரியாது. அம்மா, வீட்டுல ரொட்டி இருக்கா? நடுவுல இருக்கிற வெள்ளைப் பகுதியை உருண்டை பிடிச்சு, ஒத்தி ஒத்தி எடுக்கணும்."

ரொட்டித் துண்டுகள் வென்டிலேட்டர் வழியாகச் சுருண்டு வந்து விழுந்தன. பயத்தில் எனக்குப் பசி எடுக்கும் சுபாவம். பாதியைத் தின்றுவிட்டேன்.

"சாப்பிடுற சத்தம் கேக்குது" என்றாள் மனைவி.

"சரியா உருளுதான்னு பார்த்தேன்."

மிச்சத்தை உருட்டி ஒத்தினேன். கரி ரொட்டியில் ஏறியது. படத்தில் கதவு இருந்த இடம் வெளுத்தது. எதிரே சுவரும் வெளுத்தது. ஆனால் சுவராகத்தான் இருந்தது.

"இப்போ கதவை வரைங்க. ஒவ்வொரு கோடும் ஒரே இழுப்பு. திருத்தக் கூடாது" என்றார் பல்செட்டுக்காரர்.

கண்ணை மூடி, மூச்சைப் பிடித்து இழுத்தேன். கை தானாக ஓடியது, தடுமாறவே இல்லை. எனக்கே ஆச்சரியம். கண்ணைத் திறந்தேன். எதிரே கதவு. இரண்டு பக்கமும் விலகுகிற கம்பிக் கதவு, நடுவில் பித்தளைக் கைப்பிடி. என் பழைய லிஃப்டின் கதவு!

இழுத்தேன். லிஃப்ட் ஏறி இறங்கும் கறுத்த கிணறு, கிரீஸ் வாசனை. கீழேயிருந்து முனகிக்கொண்டே பெட்டி ஏறிவந்து என் முன்னால் நின்றது. உள்ளே நெருக்கியடித்து ஆட்கள். முன்னால் நின்ற ஒரு அம்மாள், "கணக்குப் பிரிவு எந்த மாடி?" என்று கேட்டார்.

பெட்டியை ஒரு பார்வை பார்த்தேன். ஏற்கெனவே அளவுக்கு மேல்.

"நேரா மேலே போங்கம்மா" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். பெட்டி போய்விட்டது.

"என்ன ஆச்சு? யாரோ பேசினாங்களே?" என்று வெளியே மூன்று பேரும் கேட்டார்கள். சொன்னேன்.

"ஏறி வந்திருக்க வேண்டியதுதானே!" என்று அலறினாள் மனைவி.

"ஓவர்லோடும்மா."

"அண்ணே, கேட்டியா? ஓவர்லோடாம்! உயிரு போற நேரத்துல ஓவர்லோடாம்!"

"மாப்ளே, ஒரு ஆளை இறக்கி விட்டுட்டு ஏறியிருக்கலாம்ல?"

"எங்கே இறக்குறது மச்சான்? இங்கே எனக்கே இடம் இல்லை."

மறுபடி கம்பிக் கதவைத் திறந்து பார்த்தேன். பெட்டி திரும்பி வரவில்லை, வெறும் கிணறுதான். கிணற்றிலிருந்து குளிர்காற்று அடித்துத் தாள் படபடத்தது. அவசரமாகச் சாத்திவிட்டு, கடைசி ரொட்டி உருண்டையால் அந்தக் கதவை ஒத்தி எடுத்தேன். தாள் இப்போது வெளிச்சத்தில் பிடித்தால் விரல் தெரிகிற அளவுக்கு மெலிந்துபோயிருந்தது.

"ஐயா, இன்னொரு தடவை அது தாங்காது. கை பழகினதை வரைஞ்சுட்டீங்க. வீட்டுக் கதவை நினைச்சுப் பாருங்க. கைப்பிடி எந்தப் பக்கம்?" என்றார் பல்செட்டுக்காரர்.

நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இருக்கிற வீடு. தினமும் திறந்த கதவு. என்ன நிறம் என்றுகூடத் தெரியவில்லை.

"ஏம்மா, நீ சொல்லு. நீ சொல்ற மாதிரியே போடுறேன்."

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். வேறு சமயமாக இருந்தால் 'இப்பவாவது கேட்டீங்களே' என்று ஆரம்பித்திருப்பாள். அன்று ஆரம்பிக்கவில்லை.

"கைப்பிடி இடது பக்கம். அதுக்கு மேலே, என் தோள் உயரத்துல தாழ்ப்பாள். தாழ்ப்பாள்ல ஒரு திருகு இல்லை. நீலப் பெயின்ட். நடுவுல குறுக்கே ஒரு கீறல், கட்டிலைத் தூக்கிட்டு வந்தப்போ அண்ணன் இடிச்சது."

"நான் இடிக்கலை, கதவுதான் குறுக்கே வந்துச்சு" என்றார் மச்சான்.

"கீழே வலது மூலையில தண்ணி ஊறி உப்பியிருக்கும். அவ்வளவுதான்."

அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக இழுத்தேன். வியர்வை தாளில் விழாமல் தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, கழுத்து வலிக்க இழுத்தேன். உப்பலுக்கு நிழல் போட்டதும் நிமிர்ந்தேன். எதிரே நீலக் கதவு நின்றது. கைப்பிடி, கீறல், திருகு இல்லாத தாழ்ப்பாள், எல்லாம் அவள் சொன்னபடியே.

கதவைத் தட்டினேன்.

"கதவு வந்துருச்சா?" என்றேன்.

"வந்துருச்சு" என்றாள் என் மனைவி தயங்கித் தயங்கி. "ஆனா கதவுக்கு உள்பக்கம் நீங்க மாட்டி வைக்கிற சட்டையும் துண்டும் எங்க பக்கம் தொங்குது."

பல்செட்டுக்காரர் தலையில் கை வைத்திருப்பார் என்று நினைக்கிறேன். "அம்மா, நீங்க கூடத்துப் பக்கத்தையா சொன்னீங்க?"

"நான் கூடத்துல நிக்கிறேன். வேற எந்தப் பக்கத்தைச் சொல்லுவேன்?"

"அப்போ வெளிப்பக்கம் அவர்கிட்ட போயிருச்சு. உள்பக்கம் நம்மகிட்ட வந்துருச்சு."

"தாழ்ப்பாள்?" என்றார் மச்சான்.

"என் பக்கம்" என்றேன்.

"போட்டிருக்கா?"

"போட்டுத்தான் வரைஞ்சிருக்கேன்."

"ஐயோ, எங்களை உள்ளே வச்சுப் பூட்டிட்டாரே!" என்று மச்சான் ஓடினார். வாசல் கதவைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. அது நன்றாகத்தான் திறந்தது. ஆனாலும் திரும்பி வந்து, "மாப்ளே, என்ன கோபம் இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம். தொறந்து விடுங்க" என்றார்.

தாழ்ப்பாளை நீக்கினேன். தள்ளினேன். கதவு அசையவில்லை.

"கீழே உப்பியிருக்கு" என்றேன்.

"அதை எதுக்குங்க வரைஞ்சீங்க?"

"நீதானே சொன்னே."

"சொன்னதை எல்லாம் செய்யிற ஆளா நீங்க? இத்தனை வருசத்துல இன்னிக்குத்தான் செய்யணுமா?"

அவர்கள் மூன்று பேரும் அந்தப் பக்கம் என் சட்டையையும் துண்டையும் பிடித்து இழுத்தார்கள், நான் இந்தப் பக்கம் அலமாரியில் முதுகைக் கொடுத்துக் காலால் உதைத்தேன். சட்டை கிழிந்தது. கதவு கீச்சென்று கத்தி, பிறகு ஒரேயடியாகத் திறந்துகொண்டது. நான் என் மச்சான்மேல் விழுந்தேன். கூடத்து வெளிச்சத்தில் பார்த்தால், நான்கு பேரும் அடுப்பைக் கழுவியவர்கள் மாதிரி இருந்தோம். என் மனைவி என் கையைப் பிடித்தாள், விடவில்லை. கரி ஒட்டும் என்று சொன்னேன். ஒட்டட்டும் என்றாள்.

பல்செட்டுக்காரர் படத்தை வாங்கி, கைக்கெட்டிய தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "உழைப்பு தெரியுது. அறைப் பாடம் முடிஞ்சது. அடுத்த வாரம் மனித முகம். வீட்டுல யாராவது ஒருத்தரை உட்கார வச்சு வரைஞ்சு வாங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். மச்சான் கீழ்வீட்டுக்குப் படியிறங்கிக்கொண்டிருந்தார். என் மனைவி கையை விட்டுவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சமையலறைக்குள் போய்த் தாழ் போட்டாள்.