மலையேற்றும் பாட்டு

அவர்கள் ஈப்போவில் வந்து இறங்கியதிலிருந்து வெங்கடாசலம் ரொம்பவும் நல்லவராக இருந்தார். வேணிக்கு அதுதான் பிடிக்கவில்லை.

வானூர்ப் பக்கத்திலிருந்து போய் மலேசியாவில் மளிகைக்கடை வைத்தவர். அமாவாசையன்று அங்காளம்மனுக்குப் பூஜை நடத்த ஒரு மண்டபம் பிடித்து, திண்டிவனத்திலிருந்து வேணியையும் அவள் அண்ணன் கோபியையும் வரவழைத்திருந்தார். கோபி பம்பை அடிப்பான். வேணி உடுக்கை அடித்துப் பாடுவாள். மேல்மலையனூர் அம்மன் கோயிலில் அவள் பாட்டுக்குச் சாமி வராத அமாவாசை கிடையாது.

மத்தியானச் சாப்பாட்டில் வெங்கடாசலம் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னார். "கோயிலை எங்க கட்றதுன்னு சங்கத்துல ஓயாத சண்டை, தங்கச்சி. என் கடைக்குப் பின்னால இடம் இருக்குது. வேணாம்ன்றானுங்க. இன்னிக்கு அம்மாவே வந்து சொல்லிட்டா எவன் பேசுவான்?"

"அம்மா அதைத்தான் சொல்லுவான்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"ஒரு நம்பிக்கைதான். நீ நல்லா பாடு. அடுத்த வருஷம் பினாங்கு, சிங்கப்பூர், எல்லாம் நான் பாத்துக்கறேன்."

கோபி கண்ணாலேயே தங்கையை அடக்கினான்.

சாயங்காலம் மைக் சரிபார்க்கும்போது பச்சைப் புடவை கட்டிய ஒருத்தி மேடையருகே வந்தாள்.

"பம்பை எந்தப் பாட்டுலம்மா வேகம் எடுக்கும்?"

"ஏங்க்கா?"

"சும்மாத்தான். தெரிஞ்சா தோதா நின்னுக்கலாம்ல."

அவள் போனதும் வேணி அண்ணன் பக்கம் குனிந்தாள். "தும்மறவ, எப்ப தும்மணும்னு ஊரைக் கேட்டுக்கினு இருப்பாளா?"

"உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம். ஃபிளைட்டுல குடுத்த தண்ணியையே மோந்து பாத்துதான குடிச்ச?"

"என் பாட்டுக்கு அம்மா வந்தான்னு சொல்லிக்கினு இவ வாயால அவரு பேச்சைப் பேச வைப்பாருண்ணா. அப்புறம் மலையனூர்ல எந்த மூஞ்சிய வச்சிக்கினு உடுக்கை எடுப்பேன்?"

"கம்முனு பாடிட்டு ஊர் போய்ச் சேரலாம். பேஜாரு பண்ணாத."

மண்டபம் நிறைந்தது. மூன்றாவது பாட்டில் பம்பை வேகம் எடுத்தது. பச்சைப் புடவைக்காரி கூந்தலை அவிழ்த்துக்கொண்டு ஆடத் தொடங்கினாள். ஜனங்கள் கைகூப்பினார்கள். ஒரு கணம் வேணிக்குத் தன் மீதே சந்தேகம் வந்தது. நிஜமாக வந்திருந்தால்? அம்மாவிடம் விளையாடியது போலாகிவிடும்.

உடுக்கையை நிறுத்தி அண்ணனைப் பார்த்தாள். அவன் தயங்கி, கோலைத் தூக்கிப் பிடித்தான்.

ஊரில் அடி நின்றாலும் சாமி வந்த உடம்பு அடங்காது. நாலு பேர் பிடித்தாலும் துள்ளும். இவள் அப்படியே நின்றாள். நின்று, அடுத்த அடி எங்கே என்பது போலப் பம்பையைப் பார்த்தாள். வேணி உடுக்கையை மெல்லத் தட்டினாள். ஆட்டம் மறுபடி தொடங்கியது.

வெங்கடாசலம் கற்பூரத் தட்டோடு முன்னால் வந்தார். "தாயே, உனக்கு எந்த இடம் வேணும்? வாய் தொறந்து சொல்லு!"

அவள் வாய் திறக்கும் முன் வேணி மலையேற்றும் பாட்டை எடுத்தாள். வந்த சாமியை வழியனுப்பும் பாட்டு. பூஜையின் கடைசியில்தான் பாடுவார்கள். அதைத் தொடங்கிவிட்டால் சாமி பேசாது. கற்பூரத்தை விழுங்கி, மயங்கிச் சாய்ந்துவிடும். மண்டபத்தில் பாதிப் பேருக்கு அது தெரியும். ஒருவர் விபூதியோடு ஓடி வந்தார். தாங்கிப் பிடிக்க இரண்டு பெண்கள் பின்னால் வந்து நின்றார்கள்.

பச்சைப் புடவைக்காரிக்கு மட்டும் அதை யாரும் சொல்லித் தரவில்லை. தூக்கிய கையை இறக்காமல் வெங்கடாசலத்தின் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, இப்ப சொல்லணுமா, வேணாமா?"

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பின்னால் வரை போயிற்று. வேணி கண்ணை மூடிக்கொண்டு பாட்டு முடியும்வரை பாடினாள். கோபியின் பம்பை அவளை விட்டு விலகவில்லை.

உறையில் பம்பையைக் கட்டும்போது அவன் முணுமுணுத்தான். "பினாங்கு போச்சு."

வேணி பதில் சொல்வதற்குள் வெங்கடாசலமே இரண்டு டம்ளர் பாலோடு வந்தார். முகத்தில் அதே சிரிப்பு. "நல்லா பாடின, தங்கச்சி. குடிங்க."

வேணி டம்ளரைத் தொடவில்லை. கோபி எடுத்தான். வாய்வரை கொண்டுபோய், நிறுத்தி, மோந்து பார்த்தான்.