நான்கு முனைகளும் ஓர் இணைப்பும்

1

இந்தக் கதை ஒரு கையேட்டிலிருந்து வந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? மின்தடை முதலியவற்றை அளக்க மேசைமேல் வைத்துப் பயன்படுத்தும் டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்றின் பயனர் கையேட்டைத் தமிழில் திருத்தித் தரும் வேலை எனக்கு வந்தது. மின்சாரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஈரக்கையால் சுவிட்சைத் தொடக்கூடாது என்பதுதான். ஆனாலும் ஒப்புக்கொண்டேன். வந்த வேலையை வேண்டாம் என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

கையேட்டின் தமிழ் படுமோசம். ஆனால் அது நேர்மையான கையேடு. மிகச் சிறிய மின்தடையை அளக்கும்போது, அளக்கும் கம்பிகளின் மின்தடையும் சேர்ந்தே திரையில் தெரியும் என்று ஒரு பக்கத்தில் எச்சரித்திருந்தது. அதாவது, கருவி பொருளை அளப்பதாக நினைத்துக்கொண்டு தன்னையும் சேர்த்து அளந்துவிடும். இத்தனை வருடமாக என் கதைகளைப் பற்றி விமர்சகர்கள் பக்கம் பக்கமாகச் சொல்லிவந்ததை ஒரு கையேடு இரண்டு வரியில் சொல்லிவிட்டது. கோபம் வந்தது. கோபம் தணிவதற்காக ஒரு கதை எழுத உட்கார்ந்தேன்.

2

தொடக்கம் ஒன்று: "மழை விடாமல் பெய்துகொண்டிருந்த அந்த" — இல்லை. கதை நடக்கப்போகிற அளவுக்கூடத்தில் சன்னல் கிடையாது. வெயில், ஈரம் எதுவும் உள்ளே வரக்கூடாது என்று அடைத்து வைத்திருக்கிறார்கள். மழை பெய்தால் அங்கே யாருக்கும் தெரியாது.

தொடக்கம் இரண்டு: "அவள் திரையைப் பார்த்தாள். திரை அவளைப்" — இதை எழுதிய கையை நானே தட்டிவிட்டேன்.

தொடக்கம் மூன்று: "அண்ணி பற்றவைத்த இணைப்பு ஒன்றுகூடத் தேறவில்லை என்று நாத்தனார் எழுதிய ப்ரோகிராம் சொன்னது."

இது இருக்கட்டும். அழகில்லை, ஆனால் விஷயம் வந்துவிட்டது.

3

விஷயம் இதுதான். குறைமாதக் குழந்தைகளைக் கதகதப்பாக வைத்திருக்கும் பெட்டிகளுக்கு உள்ளே போகிற கம்பிக்கட்டுகளைச் செய்யும் ஒரு தொழிற்சாலை. அண்ணி அங்கே கம்பிகளை ஈயம் வைத்து இணைப்பவள். நாத்தனார், அதாவது அவள் கணவனின் தங்கை, அந்த இணைப்புகளை அளப்பவள். மல்டிமீட்டருக்குக் கணினியிலிருந்து கட்டளை அனுப்பும் ப்ரோகிராமை எழுதியவளும் அவளே. இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள்.

ஹீட்டருக்குப் போகிற தடித்த கம்பியின் இணைப்புதான் இருப்பதிலேயே கடினமானது. அதன் மின்தடை ஐம்பது மில்லி ஓமுக்குள் இருக்கவேண்டும். இருப்பதிலேயே நல்ல கை என்று அந்த வேலையை அண்ணியிடம் கொடுத்திருந்தார்கள். மல்டிமீட்டர் நூறு காட்டியது. அவள் செய்த இணைப்புகள் இருந்த பெட்டி முழுக்க நூறு, நூற்றிரண்டு, தொண்ணூற்றொன்பது. மற்றவர்கள் செய்த இணைப்புகளுக்கு வரம்பு தாராளம். அதனால் அவையெல்லாம் தேறிவிட்டன.

[இந்த இடத்தில் ஒரு வாசகர் எழுந்து, "அண்ணி, நாத்தனார் என்றாலே எங்களுக்குத் தெரியாதா, இவள் வேண்டுமென்றே செய்திருப்பாள்" என்று சொல்வது என் காதில் விழுகிறது. தொழிற்சாலையிலும் அதைத்தான் சொன்னார்கள். உட்காருங்கள்.]

அன்றிலிருந்து வீட்டில் பேச்சு நின்றுவிட்டது. எல்லாம் மாமியார் வழியாகத்தான் நடந்தது.

"அத்தை, பாத்ரூம் காலியான்னு கேளுங்க."

"அம்மா, காலிதான்னு சொல்லு."

"நான் என்ன போஸ்ட் ஆபீஸா?" என்று மாமியார் கேட்டாள்.

4

மேலாளர் வந்து தீர்ப்பு சொன்னார்.

"ஒண்ணு கை தப்பு, இல்லன்னா ப்ரோகிராம் தப்பு. சாயங்காலம் வருவேன். எதுன்னு சொல்லுங்க. யாரோ ஒருத்தர் வீட்டுக்குப் போகணும்."

[இந்த மேலாளர் அட்டையில் வெட்டி வைத்த ஆள்போல இருக்கிறார் என்று எனக்கே தெரிகிறது. உயிர் கொடுக்கலாமென்று ஓர் இருமல் கொடுத்துப் பார்த்தேன். பிறகு, முதுகுவலி. எதுவும் ஒட்டவில்லை. நான் பார்த்த மேலாளர்கள் பலர் நிஜத்திலேயே இப்படித்தான் இருந்தார்கள் என்பதால் விட்டுவிட்டேன்.]

5

நாத்தனார்மேல் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. முதல் வரைவில் அவளை மிக நல்லவளாக எழுதியிருந்தேன். கதை அசையவே இல்லை. ஆகவே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அண்ணியின் பெட்டி தேறவில்லை என்று திரையில் வந்தபோது அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. "என் மருமக கைவேலை மாதிரி வருமா" என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்ததை அவளும்தானே கேட்டுக்கொண்டிருந்தாள்? அந்தச் சந்தோஷம் ஒரு தேநீர் குடிக்கும் நேரம் இருந்தது. பிறகு அவள் எண்களை மறுபடி பார்த்தாள்.

கெட்ட கை இப்படிக் கெடுக்காது. ஒன்று அறுபது வரும், இன்னொன்று இருநூறு வரும். எல்லாமே நூறை ஒட்டி வருகிறதென்றால், எங்கிருந்தோ ஏதோ ஒன்று எல்லாவற்றோடும் சேர்ந்துகொண்டிருக்கிறது.

ப்ரோகிராமைத் திறந்தாள். முதல் வரி, ரீசெட். எந்த வேலைக்கும் முன்னால் கருவியைப் பழைய நிலைக்குக் கொண்டுவா என்று பாடத்தில் சொல்லிக்கொடுத்த வரி. அவள் தினமும் காலையில் மீட்டரைச் சூடாக விட்டு, அளக்கும் கம்பிகளின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்து, பொத்தானை அழுத்தி அந்தக் கம்பிகளின் மின்தடையைக் கழித்து வைப்பாள். அக்கறையாகச் செய்வாள். பிறகு ப்ரோகிராமை ஓட்டுவாள். ப்ரோகிராம் தன் முதல் வரியிலேயே அந்தக் கழித்தலைத் துடைத்துவிடும். கோலம் போட்டுவிட்டுத் தானே வாளித் தண்ணீரை ஊற்றியதுபோல.

அவளுக்குத் தப்பு தன்னுடையது என்று ஏறக்குறையத் தெரிந்துவிட்டது. ஏறக்குறைய என்றால் போதாது. கழித்துப் பார்த்தாலும், முனை தேய்ந்திருந்தால், அழுத்தம் மாறினால், எண் மாறும். உறுதியாகத் தெரியவேண்டுமானால் நான்கு முனைகளால் அளக்கவேண்டும். இரண்டு முனை மின்னோட்டத்தைக் கொண்டுபோகும். மற்ற இரண்டும் எதையும் சுமக்காமல் மின்னழுத்தத்தை மட்டும் பார்க்கும். அப்போது கம்பிகளின் தடை கணக்கிலேயே வராது.

அவள் நான்கு முனைகளையும் எடுத்து இணைப்பின்மேல் வைத்து

6

வைக்க முடியாது. இதை எழுதும்போது எனக்கே சந்தேகம் வந்து, அழிப்பான் ஒன்றின்மேல் நான்கு பென்சில்களை ஊன்றிப் பார்த்தேன். இரண்டுதான் நின்றன. மனைவி உள்ளே வந்தாள்.

"என்ன பண்றீங்க?"

"கதை எழுதறேன்."

அவள் மற்ற இரண்டு பென்சில்களைப் பிடித்துக்கொண்டாள்.

ஆகவே நாத்தனாருக்கு இன்னும் இரண்டு கை வேண்டும். மற்ற எல்லாரும் வேலை முடிந்து கிளம்பிவிட்டார்கள். (கிளப்பிவிட்டது நான்தான்.) அண்ணி மட்டும் தன் மேசையில், தீர்ப்புக்காகக் கைகட்டி உட்கார்ந்திருக்கிறாள்.

7

"அண்ணி." மாமியார் பக்கத்தில் இல்லாததால் நேராகவே கூப்பிட வேண்டியிருந்தது. "கொஞ்சம் வாங்க. இந்த ரெண்டையும் பிடிங்க."

அண்ணி வந்து பிடித்தாள். நான்கு கைகளும் ஒரே இடத்தில் குவிந்தன. தலையோடு தலை முட்டாத குறை. திரை நாத்தனாரின் பக்கம் இருந்தது. அண்ணி திரும்பிப் பார்த்தால் முனை வழுக்கிவிடும்.

"ஆடாம பிடிங்க."

"நான் ஆடறதில்லை. அது உன் மெஷின் வேலை."

எண் நிலைத்தது. முப்பத்தொன்று.

இந்த எண்ணை உங்களிடம் மறைக்க நினைத்தேன். அது மலிவான வித்தை. முப்பத்தொன்றுதான். இணைப்பு நன்றாக இருக்கிறது. இன்னொன்றை எடுத்தார்கள், அதுவும் முப்பதுக்குப் பக்கம். அண்ணியின் கையில் தப்பில்லை.

"எவ்வளவு?" என்றாள் அண்ணி.

நாத்தனார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவுன்னு கேக்கறேன்ல?"

அண்ணி தன் கையை ஒட்டி இருந்த அவள் கையைப் பார்த்தாள். அளந்து முடிந்தும் அது முனைகளை விடவில்லை.

"கெட்டதா வந்திருந்தா இந்நேரம் சொல்லியிருப்ப," என்றாள் அண்ணி மெதுவாக. "நல்லா வந்திருக்கு. இல்ல?"

"ப்ரோகிராம்ல தப்பு. என் தப்பு. மேனேஜர் வந்ததும் சொல்லிடறேன்."

"வாயை மூடு. சால்டர் வைக்கிற கைக்கு எங்க போனாலும் வேலை கிடைக்கும். தப்பா அளந்தவள்னு பேரு வாங்கினா உனக்கு யாரு கொடுப்பா?"

"கெட்ட கைன்னு பேரு வாங்கினா உங்களுக்கு மட்டும் கொடுப்பாங்களா?"

"அதை நான் பாத்துக்கறேன்."

"நீங்க பாத்துக்க வேண்டாம். நீங்க பொய் சொன்னா இந்த நல்ல இணைப்பெல்லாம் குப்பைக்குப் போகும். நாளைக்கு வேற யாராவது வைப்பாங்க. அது நல்லா இருக்கும்னு என்ன நிச்சயம்? உள்ள படுக்கப்போறது குழந்தை, அண்ணி."

அண்ணி முனைகளைக் கீழே வைத்தாள். அவளுக்கு அழுகை வந்தது. எனக்கும்தான், எழுதுகிறவன் அழக்கூடாது என்பார்கள், இருக்கட்டும்.

கதவு திறந்தது.

"யாரு?" என்று கேட்டார் மேலாளர்.

8

இருவரும் ஒரே குரலில் "நான்தான்" என்றார்கள் என்று எழுதிப் பார்த்தேன். அழகாக இருந்தது, அடித்துவிட்டேன். மேலாளர் மனம் மாறி இருவரையும் வைத்துக்கொண்டார் என்று எழுதினேன். அவர் சம்மதிக்கவில்லை. நாத்தனார் சொன்னதாக எழுதினேன். அண்ணியின் முகத்தை அதற்குப்பிறகு என்னால் எழுத முடியவில்லை. அண்ணி சொன்னதாக எழுதினேன். அந்தப் பெட்டி குப்பைக்குப் போனதைப் பார்க்க முடியவில்லை.

இதற்குமேல் நான் கை வைத்தால் என் எடையும் அதில் சேர்ந்துவிடும். மேலாளர் காதில் ஒரு குரல்தான் முதலில் விழுந்தது. யாருடையது என்று நீங்கள் சொல்லுங்கள். சொல்வதற்கு முன்னால் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: யாரைச் சொன்னாலும், இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறி, ஒரே வீட்டுக்குத்தான் போகவேண்டும்.