மோதிரச் சத்தம்

ஃபிரெடி மடக்குத் திரையில் கை வைத்ததும், வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த ஐவி கத்தியோடு ஓடி வந்தாள்.

“மதினி, நாளைக்கு அண்ணன் நினைவு ஜெபத்துக்கு முப்பது பேர் வருவாங்க. இத மடக்கினாத்தான் உக்கார எடம்.”

“நக்கோ ஃபிரெடி, மடக்க வேணாம்.”

“மொதல்ல கத்தியக் கீழ வைங்க. பாக்கறவன் என்ன நெனப்பான்?” கொழுந்தன் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும், நாற்காலிக்குச் சொல்லிவிட்டு வருவதாகப் படியிறங்கிப் போனான்.

மடக்கிவிட்டால் அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவே பத்தடிதான் என்பது வருகிறவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும்.

ஐவியின் கணவர் சிலாஸுக்கு ஹைதராபாத் ஜீடிமெட்லாவில் மருந்துக் கம்பெனியில் இரவு ஷிஃப்ட். பகலில் தூங்க வேண்டும். வீட்டிலோ ஒரே ஹால். அதற்காக வாங்கியதுதான் அந்த மூன்று மடிப்புத் திரை. பிரம்புப் பின்னலுக்குப் பின்னால் கெட்டியான நீலத் துணியை ஐவியே தைத்துப் போட்டிருந்தாள். விரித்துவிட்டால் மூன்று மணி வரை யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது, கூப்பிடக் கூடாது. சத்தம் தொந்தரவாக இருந்தால் அவர் எழுந்துகூட வரமாட்டார். படுத்தபடியே கல்யாண மோதிரத்தால் சட்டத்தில் தட்டுவார். டொக், டொக். வீடு அடங்கிவிடும். மகள் எமி நடை பழகியதே அந்த அமைதிக்குள்தான்.

அந்த மே மாதச் சனிக்கிழமை பதினொரு மணிவாக்கில் அவர் தட்டினார். ஐவி குக்கரை அணைத்தாள். சற்றுப் பொறுத்து மறுபடி இரண்டு தட்டு. டிவியை நிறுத்தி எமியை முறைத்தாள். அப்புறம் ஒன்றே ஒன்று, லேசாக. செருப்பைக் கழற்றிவிட்டு, பிள்ளையை அடுக்களைக்கு இழுத்துப்போய் உட்காரவைத்து, உதட்டில் விரல் வைத்தாள். “டாடி தூங்கணும்.”

மூன்று மணிக்கு டீயோடு போய்த் திரையை விலக்கினாள்.

“பக்கத்துல யாராச்சும் இருந்திருந்தா...” என்று டாக்டர் பாதியில் நிறுத்திக்கொண்டார். சத்தம் எதுவும் கேட்கவில்லையா என்று எல்லோரும் கேட்டார்கள். இல்லை என்றாள். கூலர் இரைச்சலில் எப்படிக் கேட்கும் என்று அவர்களே ஆறுதலும் சொன்னார்கள். எமிக்கும் கேட்டிருக்காது, டிவி ஓடிக்கொண்டிருந்ததே. இத்தனை நாளும் ஐவி அதைப் பிடித்துக்கொண்டுதான் சோறு தின்றாள்.

ஃபிரெடி போன பிறகு ஐவி குக்கரை ஏற்றினாள். அப்பா போனதிலிருந்து அதிகம் பேசாத எமி திரைக்குப் பின்னால் போவது தெரிந்தது. கூலர் இரையத் தொடங்கியது.

டொக், டொக்.

ஐவியின் கை தானாகப் போய் அடுப்பைத் தணித்தது. தணித்த பிறகுதான் உறைத்தது.

அன்றைக்குப் போலவே சற்று இடைவெளி. மறுபடி, டொக், டொக்.

இன்னும் ஒன்று பாக்கி. அது எமிக்கும் தெரியும்.

ஐவி ஓடினாள். நாற்காலியில் முட்டி இடித்தது. இரண்டு கையாலும் திரையைப் பிடித்து இழுத்ததில் மேல் கீல் பெயர்ந்து, சட்டம் சாய்ந்து தொங்கியது. எமி அப்பாவின் கட்டிலில் மல்லாந்து கிடந்தாள். சிலாஸின் மோதிரம் அவள் கட்டைவிரலில் தொளதொளத்தது. சாய்ந்த சட்டத்துக்கு ஓர் அங்குலம் தள்ளி அந்தக் கை அப்படியே நின்றது.

அடுக்களையில் குக்கர் விசில் அடித்தது. மறுபடி அடித்தது. எமி கையை இறக்கவில்லை; அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.